ரவை போட்ட ரயில் பாதை

குங்குமச் சிமிழில் தேநீர் விளிம்பு வரை நின்றது. பால் விடாத வெறும் தேநீர். சிமிழ் புதிது, அதற்காகவே வாங்கிக் கழுவியது. அதைத் தாங்கி நின்ற தட்டையான சரக்குப் பெட்டி என் கையளவு நீளம். முன்னால் ஒரு பச்சை நிற இஞ்சின்.

நாங்கள் மூன்று பேரும் முழங்காலில் இருந்தோம். மாதிரி ரயிலைப் பார்க்கிறவர் கண்ணைத் தண்டவாளத்தின் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது. நான்காவது ஆள் என் மகள் ஆரணி. அவள் லியோனில் இருந்தபடி, யன்னலில் சாய்த்துவைத்த தொலைபேசிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு சுத்து. ஒரு சொட்டுச் சிந்தினாலும் அறை என்ர,” என்றாள் என் மனைவி வசந்தி.

“கும்பிட்டிட்டு விடு மச்சான்,” என்றான் குணம். குணம் அவளுடைய அண்ணன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன், பிறகு மச்சானானவன்.

நான் மின்சாரத் திருகியில் விரலை வைத்தேன்.

விரல் அங்கேயே இருக்கட்டும். நடுத்தர வயதுக்காரர் மூவர் ஒரு சிமிழ் தேநீருக்கு முன்னால் ஏன் முழங்காலில் நின்றார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு அளவு நாடாக்கள்

ஆரணி படிப்பதற்காக லியோனுக்குப் போனது ஓர் இலையுதிர் காலத்தில். அவளை ரயிலேற்றிவிட்டு வந்த அன்று மாலையே, பாரிஸில், மார்க்ஸ் டோர்மோயில் உள்ள எங்கள் வீட்டில், அவளுடைய அறை வாசலில் நானும் வசந்தியும் சந்தித்துக்கொண்டோம். அவள் கையில் துணி அளக்கும் நாடா. என் கையில் இரும்பு நாடா.

“எதுக்கு அளக்கப் போறியள்?”

“நீர் எதுக்கு அளக்கப் போறீர்?”

இரண்டு பேருக்கும் விடை தெரியும். வசந்தி லா சப்பல் பக்கத்துப் பெண்களுக்குச் சேலைச் சட்டை தைக்கிறாள். சலோன் என்கிற வரவேற்பறையின் ஒரு மூலைதான் அவளுடைய தையற்கடை. சாப்பாட்டு மேசையில் பாதி துணி, கதிரையில் ஊசி. ஒருமுறை நான் தின்ற புட்டுக்குள்ளிருந்து சிவப்பு நூல் நீளமாக வந்தது. என்னுடைய ரயில் பலகையோ துண்டுதுண்டாக எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஒரு ஞாயிறு அதை விரித்துப் பூட்டுவேன். ரயில் ஓடத் தொடங்கும்போது திங்கள் வந்துவிடும்.

அன்றிரவு தொலைபேசியில் விஷயத்தைக் கேட்ட ஆரணி, “பப்பா, மமோன், செ மா ஷாம்ப்ர!” என்று கத்தினாள். அது அவளுடைய அறையாம். அதையும் மறக்கக் கூடாதாம்.

குணம் ஓர் உணவகத்தில் சமைக்கிறான். விடுமுறை நாளில் கார்ஜ் லே கொனெஸிலிருந்து ஆர்.ஈ.ஆர் ரயில் பிடித்து எங்களிடம் வருவான். வழக்கு அவனிடம் போனது.

“இவர் ரயில் தண்டவாளம் போடுறதைப் பற்றி ஒரு வருஷமாக் கதைக்கிறார் அண்ணை,” என்றாள் வசந்தி. “ஒரு நாள் எண்டாலும் அது முழுச் சுத்து ஓடி நான் காணேல்லை.”

“அது தற்காலிகப் பாதை,” என்றேன்.

“சரி, நிரந்தரமாப் போடு,” என்றான் குணம். “பொங்கல் வரைக்கும் தவணை. ரயிலில ஒரு பிளேன்ரீ வைப்பம். சிந்தாமல் ஒரு சுத்து வந்தால் அறை உனக்கு. சிந்தினால் தங்கச்சிக்கு. என்னடி, சரியோ?”

வசந்தி சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். அவளுக்கு என் ரயிலைத் தெரியும்.

முதலில் கால்

இந்தத் தொடரில் எப்போதோ ஒருமுறை ரயில் பலகையைப் பற்றி ஒரு வரி எழுதப்போய், அதைக் கட்டுவது எப்படி என்று கேட்டுச் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அவர்களுக்காக இங்கே கொஞ்சம் ஒதுங்குகிறேன். மற்றவர்கள் தேநீருக்கு அருகிலேயே காத்திருக்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் தண்டவாளத்தைத்தான் வாங்குவார். நானும் அப்படித்தான். ஆனால் ரயில் கவிழ்வதற்குத் தண்டவாளம் காரணமாவது குறைவு. அதற்குக் கீழே இருக்கிற பலகையும், பலகைக்குக் கீழே இருக்கிற காலுமே அநேகமாகக் காரணம். கால் ஆடினால் மேலே எல்லாம் ஆடும்.

நான்கு கால்களின் அடியிலும் திருகக்கூடிய ஆணி ஒன்றை வையுங்கள். பாரிஸின் பழைய வீடுகளில் நிலம் எந்த அறையிலும் மட்டமாக இருக்காது. எங்கள் வீட்டில் ஒரு பட்டாணியைப் போட்டால் அது நேரே குசினி அடுப்படிக்குப் போகும். ஆணியைத் திருகிக் காலை ஏற்றி இறக்கி, மேலே ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். நீளத்துக்கு ஒருமுறை, அகலத்துக்கு ஒருமுறை, மூலைவிட்டமாக ஒருமுறை.

பலகைக்குக் கீழே குறுக்குச் சட்டங்கள் வேண்டும். ஒரு முழத்துக்கு ஒன்று போதும். பாதை மேலேற வேண்டிய இடத்தில் சட்டத்தின் பக்கவாட்டில் சிறிய மரத்துண்டுகளை நிமிர்த்தி, அவற்றின் மேல் பாதையை ஏற்ற வேண்டும். துண்டுகளைக் கீழ்ப்பக்கமிருந்து திருகாணியால் பிடியுங்கள். பசை வைத்து ஒட்டினால் பிறகு திருத்த முடியாது. ஒரு மீற்றர் தூரத்துக்கு இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் ஏறக்கூடாது. ஏறினால் இஞ்சின் மூச்சு வாங்கும்.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் பலகை முறியாமல் மெல்ல வளைந்து எழ வேண்டும். கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடும் கைக்குத் தெரியும், சக்கரத்துக்கும் தெரியும்.

குன்றுகளுக்கு ரெஜிபோம் என்கிற இலேசான வெள்ளை நுரைப்பலகை நல்லது. குணம் மீன்கடையிலிருந்து ரெஜிபோம் பெட்டிகள் கொண்டுவந்து தந்தான். நான் கழுவினேன், காயவைத்தேன், செதுக்கினேன், பச்சை வர்ணம் பூசினேன். ஹீற்றர் சூடேறியதும் குன்றிலிருந்து விளைமீன் மணம் எழுந்தது.

“உங்கட மலையில கடல் கிடக்கு,” என்றாள் வசந்தி. அந்தக் குன்று குப்பைத்தொட்டிக்குப் போனது. புதிய ரெஜிபோம் வாங்குங்கள்.

தக்கை

பலகையின் மேல் நேரடியாகத் தண்டவாளத்தைப் போட்டால் ரயில் ஓடும் சத்தம் தகரத்தில் மழை பெய்தது போல் கேட்கும். கீழ்வீட்டு மதாம் மிக நல்லவர், ஆனால் அவருக்கும் காது இருக்கிறது. எனவே இடையில் தக்கை.

நிலத்துக்கு விரிக்கும் தக்கைச் சுருளை வாங்கி, பாதையின் அகலத்தில் பாதியாக நீளக் கீற்றுகள் வெட்டிக்கொள்ளுங்கள். பாதையின் நடுக்கோட்டைப் பென்சிலால் வரைந்து, கோட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கீற்றாக ஒட்டினால் வளைவில் தக்கை மடியாமல் படியும். வெளி ஓரத்தைச் சாய்வாகச் சீவி, காய்ந்ததும் மேற்பரப்பை அரத்தாளால் இலேசாகத் தேயுங்கள். இடப்பக்கக் கீற்றின் பொருத்தும் வலப்பக்கக் கீற்றின் பொருத்தும் ஒரே இடத்தில் வரக்கூடாது. தண்டவாளப் பொருத்தும் அதே இடத்தில் வந்துவிட்டால் மூன்று பலவீனங்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

தண்டவாளத் துண்டுகளுக்கிடையே ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். பனிக்காலத்தில் ஹீற்றர் போடும் வீடுகளில் மரம் சுருங்கும், விரியும். தண்டவாளத்தைப் பிடிக்கும் ஆணியை முழுதாக அடிக்காதீர்கள். தண்டவாளத்தைக் குறுக்கே தாங்கும் சிலிப்பர்க் கட்டை குழிந்தால் தண்டவாளம் உள்ளே சாயும்.

இவை எல்லாவற்றையும் நான் ஒழுங்காகச் செய்தேன். வேலை முடிந்து வந்து கைகழுவிவிட்டு மாலைமாலையாகச் செய்தேன். பலகைக்குக் கால்கள் மட்டும் நான் செய்யவில்லை. எங்கள் தெருவில் யாரோ வெளியே வைத்துவிட்டுப் போன சலோன் மேசை ஒன்றிலிருந்து கழற்றினேன். முழங்கால் உயரம். நிலத்தில் இருந்து வேலை செய்ய வசதி.

அந்தப் பலகை ஆரணியின் கட்டிலையும் ஓரமாக முழங்காலில் இருக்கக்கூடிய ஒடுங்கிய இடத்தையும் தவிர அறையின் நிலம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. யன்னலைத் திறக்க வேண்டுமானால் கட்டிலின் மேல் ஏறிப் போக வேண்டும். அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

ரயில் இல்லாத மேடு

எனக்கு இந்த ரயில் பாதைப் பித்து எப்படி வந்தது என்று குணத்துக்குத்தான் தெரியும்.

நாங்கள் சின்னப்பெடியன்களாக இருந்தபோது எங்கள் ஊருக்குள்ளால் ரயில் ஓடியது. பிறகு சண்டை வந்து ரயில் நின்றது. தண்டவாளம் கழன்றது, சிலிப்பர்க் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போயின. மிஞ்சியது சல்லிக்கல் மேடு மட்டும். நாங்கள் அதன் மேல் சைக்கிள் ஓடினோம். மாரியில் ஒழுங்கையெல்லாம் முழங்கால் வெள்ளம் நிற்கும்போது மேடு மட்டும் காய்ந்து கிடக்கும். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் கல்லுக்குள்ளால் இறங்கிப் போய்விடும்.

ரயிலை விட மேட்டைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். தண்ணீரைப் பிடித்துவைக்காததால்தான் அது அப்படியே நின்றது என்பதையும் அந்த வயதிலேயே கண்டிருந்தேன்.

கண்டிருந்தேன் என்று சொல்வது சுகம். இனி நான் செய்த வேலையைக் கேளுங்கள்.

அளவு சரி

பாதையின் கடைசி வேலை சல்லிக்கல். சிலிப்பர்களுக்கிடையே பொடிக்கல்லைத் தூவி, தூரிகையால் ஒதுக்கி, நீர்த்த வெள்ளைப் பசையை மருந்துத் துளிப்பானால் சொட்டுச்சொட்டாக விட வேண்டும். கடையில் விற்கும் பொடிக்கல் என் கண்ணுக்குப் பெரிதாகப் பட்டது. உண்மையான சல்லிக்கல்லின் அளவை எண்பத்தேழால் வகுத்துப் பார்த்தேன். என் ரயில் உண்மையான ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. வந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போய், போத்தல் போத்தலாகத் திறந்து பார்த்தேன்.

ரவை. அளவு அச்சொட்டாக இருந்தது.

வசந்தி வெளியே போயிருந்த ஒரு சனிக்கிழமை அதை வறுத்தேன். கறுப்பு மையும் கொஞ்சம் கோப்பித்தூளும் கலந்து காயவைத்தேன். சாம்பலும் மண்ணிறமும் கலந்து, எங்கள் யன்னலுக்குக் கீழே கிடக்கும் உண்மையான ரயில் பாதையின் நிறமே வந்துவிட்டது. ஒரு மூலையில் பாதை சற்றுத் தாழ்ந்திருந்தது. ரயில்வேக்காரர்கள் சிலிப்பருக்கு அடியில் கல்லை இடித்துத் திணிப்பது போல நானும் அங்கே ரவையை இறுகத் திணித்தேன். ரசமட்டம் வைத்தேன். குமிழி நடுவில் நின்றது.

பிறகு அதன் மேல் தண்ணீர்ப் பசையைச் சொட்டுச்சொட்டாக, பொறுமையாக, தாராளமாக விட்டேன்.

மறுநாள் ஞாயிறு, பந்தய நாள்.

ஒரு சுற்று

திருகியை மெல்லத் திருப்பினேன். இஞ்சின் ஒரு சிறு முனகலோடு புறப்பட்டது. சிமிழில் தேநீர் அசையவேயில்லை. முதல் நேர்ப்பாதை. முதல் வளைவு. தக்கை தன் வேலையைச் செய்தது; சத்தமே இல்லை.

“மெய்யாத்தான் ஓடுது,” என்றாள் வசந்தி. அவளுடைய குரலில் கவலை தெரிந்தது. எனக்கு மகிழ்ச்சி.

“பொறு, இன்னும் அரைவாசி கிடக்கு,” என்றான் குணம்.

ஏற்றம் ஏறியது. இறங்கியது. மூன்றாவது மூலைக்கு வந்தது. இஞ்சின் சட்டென்று மூக்கைத் தூக்கியது. பின்னால் பெட்டி ஏறியது. சிமிழ் ஒரு பக்கம் சரிந்தது. தேநீர் ஒரு சொட்டல்ல, அரைச் சிமிழ், பலகையில் கொட்டியது.

“ஓ லா லா!” என்றது தொலைபேசி.

குணம் மூலைக்குத் தவழ்ந்து போனான். மூக்கை வைத்து மணந்தான். விரல் நுனியால் கிள்ளி எடுத்து நசித்துப் பார்த்தான். பிறகு நிலத்தில் அப்படியே இருந்துகொண்டு, தோள் குலுங்கச் சிரித்தான்.

“என்னடா?”

“மச்சான், இது உப்புமாவெல்லோ!”

குனிந்து பார்த்தேன். நான் இறுகத் திணித்த ரவை இரவோடிரவாகப் பசையைக் குடித்துப் பொங்கியிருந்தது. சிலிப்பர்கள் மேலெழுந்து, தண்டவாளம் அந்த இடத்தில் ஒட்டகம் போல் முதுகைத் தூக்கியிருந்தது.

“ரவையோ?” வசந்தி என்னைப் பார்த்தாள். “என்ர ரவையோ?”

“அளவு சரியா இருந்தது,” என்றேன்.

“வெந்நீர் கேக்காமலே உப்புமா கிண்டின முதல் ஆள் நீதான்,” என்றான் குணம். “கடுகு தாளிச்சனியோ?”

தொலைபேசிக்குள் ஆரணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். மூன்று விதமான பசைகளைப் பற்றிப் படித்தவன் நான். ரவை தண்ணீர் குடிக்கும் என்பதை எங்கள் வீட்டில் அறியாதவர் இல்லை. குசினியில் நானும் அறிவேன். அறைக்குள் கொண்டுவந்து நிறம் தீட்டியதும் அது எனக்குக் கல்லாகிவிட்டது.

தூக்குங்கோ

தோற்றவன் தோற்றவனாக நடந்துகொள்ள வேண்டும். அன்று பின்னேரமே திருப்புளியை எடுத்துக்கொண்டு பலகையைக் கழற்ற உட்கார்ந்தேன். தண்டவாளத்தை முதலில் எடுத்து, அளவுப்படி அடுக்கி, நூலால் கட்டினேன். வசந்தி தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே கால் வைக்க இடமில்லை.

வசந்தி நூலால் கட்டிய தண்டவாளங்களைப் பார்த்தாள்.

“ஏன் கழட்டுறியள்?”

“அறை உம்மடதெல்லோ.”

“ஓம், என்ரதான். அதுதான் கேக்கிறன். ஏன் கழட்டுறியள்? தூக்குங்கோவன்.”

“எங்கை தூக்கிறது?”

“மேல.” அவள் மெஷினைக் கட்டிலில் வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றினாள். “லா சப்பலில மெற்றோ மேலால போகுது எண்டு கீழ ஆரும் மரக்கறி விக்காமல் விட்டவையோ? கால் முக்கியம், கால் முக்கியம் எண்டு ஒரு வருஷமாச் சொன்னியள். பிறகு அந்தக் குட்டைக் காலைத்தானே போட்டியள்.”

நான் எழுந்து நின்றேன். முழங்காலில் நின்று பார்த்த அறையை அப்போதுதான் நின்று பார்த்தேன். என் நெஞ்சு உயரத்துக்கு மேலே நாலு சுவரும் காலியாகக் கிடந்தன.

ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது அந்தப் பாலத்துக்குக் கீழேதான் நடந்து போகிறேன். லா சப்பலிலிருந்து ஸ்டாலின்கிராட் பக்கம் வரை, இரும்புத் தூண்களின் மேல் மெற்றோ போகும். கீழே சனம் பை தூக்கும், பேரம் பேசும், பஸ்ஸுக்கு ஓடும். தூண்களின் ஆணிகளைக்கூடப் பார்த்து வைத்திருக்கிறேன். அவற்றுக்கு இடையில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் நான் பார்க்கவில்லை.

தூண்கள்

வாசகர்களுக்கு இன்னொரு முறை ஒதுங்கி, சுருக்கமாக.

சுவரைச் சுற்றிப் பாதை போடுகிறவர்கள் அலுமாரித் தட்டுக்கு வைக்கும் இரும்பு மூலைகளைச் சுவரில் பூட்டி, அவற்றின் மேல் ஒடுங்கிய பலகையை வைக்கலாம். பழைய பாரிஸ் வீடுகளில் சில சுவர்கள் உள்ளே வெறும் கோது. தட்டிப் பார்த்து, பிடிப்பில்லாத இடத்தில் நிலத்திலிருந்து தூண் எழுப்புங்கள். வாசலுக்குக் குறுக்கே, பிணைச்சல் போட்டுத் தூக்கக்கூடிய பாலம் ஒன்று வேண்டும். மூலைகளில் பலகையை வளைவாக வெட்டுங்கள். சதுர மூலை கட்டாயம் ஒருநாள் யாரோ ஒருவரின் நெற்றியைத் தேடும். எங்கள் வீட்டில் அது குணத்தின் நெற்றி.

கடைசியாக, தையல் மெஷின் உள்ள அறைகளுக்கு மட்டும் ஒரு விதி. மெஷின் ஓடும்போது அதன் மேசை அதிரும். மேசையும் தூணும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டால் இரண்டும் தத்தம் வேலையைச் செய்யும்.

சல்லிக்கல் கடையில் வாங்கினேன். பெரிதாகப் பட்ட அதே பொடிக்கல்தான். தூவியபின் சரியாகவே இருந்தது.

மறுபடியும் சிமிழ்

பொங்கல் போய், மரங்களில் தளிர் வரத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை பாதை முடிந்தது. யன்னலோரம் வசந்தியின் மேசை. எதிர்ச்சுவரில் ஆரணியின் கட்டில், விரிப்புப் போட்டபடி. எல்லாவற்றுக்கும் மேலே, தூண்களின் மேல், ரயில்.

வசந்தி தைத்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பெண்ணின் கலியாணச் சட்டை, பாலாடை நிறப் பட்டு. மடியில் பாதியும் மேசையில் பாதியுமாக விரிந்து கிடந்தது. நான் இஞ்சினைத் துடைத்துப் பாதையில் வைத்தேன். அவள் எழுந்து குசினிக்குப் போய், சிமிழோடு வந்தாள். கதிரையில் ஏறி, அதைத் தானே சரக்குப் பெட்டியில் வைத்து, கேத்தலைச் சரித்து விளிம்பு வரை நிரப்பினாள். பிறகு இறங்கி, பட்டுத் துணியை எடுத்து மடியில் விரித்துக்கொண்டு மெஷினுக்கு முன்னால் இருந்தாள்.

“வசந்தி, அந்தத் துணியை ஒருக்கா அங்கால எடும்.”

“ஏன்?”

“ரயில் உமக்கு மேலால போகும்.”

“தெரியும். விடுங்கோ.”

மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. நான் திருகியைத் திருப்பினேன்.

ரயில் கட்டிலின் மேலால் போனது. வாசல் பாலத்தைக் கடந்தது. சுவரோடு திரும்பி யன்னல் பக்கம் வந்தது. சிமிழ் அவளுடைய தலைக்கு நேர் மேலே வந்தது. தேநீரின் மேல் யன்னல் வெளிச்சம் ஒரு துண்டாகக் கிடந்தது. அது அசையவில்லை. அவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பட்டின் ஓரத்தைப் பார்த்தபடி, கை வளைவைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

ரயில் புறப்பட்ட இடத்தில் வந்து நின்றது.

“வந்திட்டுதோ?” என்றாள், மெஷினை நிறுத்தாமல்.

“ஓம்.”

“அப்ப எடுத்துக் குடியுங்கோ. ஆறப்போகுது.”